ஹம்சவேணி ருசி பார்த்த சாமி

எங்கள் வீட்டுப் பூஜை அறையில், குத்துவிளக்குக்கு இடது பக்கம், மார்பிள் தரையில் பளபளப்பு செத்துப்போன ஒரு வட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் பாத்திரத்தையும் சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு ஹம்சவேணி மட்டும் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துத் தரையில் ஒரு சொட்டு விட்டார். தரை கோலி சோடா மாதிரி பொங்கியது.

"அசல் மார்பிள்தான் சார். உங்களை யாரும் ஏமாத்தல," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அது சரிம்மா, தரை கெட்டுப்போச்சே."

"அசலா இருந்தாத்தான் சார் கெடும். டைல்ஸா இருந்தா ஆசிட்டுக்கு அசையாது."

அதோடு விட்டாரா? சமையலறைக்குள் போய் மேடைக்கல்லை ஆணியால் கீறிப் பார்த்து, அது கிரானைட் இல்லை, கருப்பாக இருப்பதையெல்லாம் கடைக்காரர்கள் கிரானைட் என்றுதான் விற்பார்கள், பாறையின் உண்மையான பெயர் வேறு என்று என் மனைவியிடம் விளக்கினார். என் மனைவி அன்று அவருக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றவில்லை.

இந்த மனுஷியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். கடைசி வரைக்கும் அது நிற்குமா என்று தெரியவில்லை.

ஹம்சவேணி மதுரையில் மகால் பக்கத்துப் பட்டுநூல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வெளியே நல்ல மதுரைத் தமிழ். அப்பாவுக்குச் சாயப் பட்டறை. பட்டறையின் மூலையில் படிகாரம், சலவைச் சோடா, உப்பு என்று மூன்று வெள்ளைக் குவியல்கள் கிடக்கும். சின்ன வயதில் படிகாரம் எடுத்து வரச் சொன்னதற்குச் சோடாவை அள்ளிக் கொடுத்து, ஒரு கல்யாணப் பட்டு மொத்தத்தையும் பாழாக்கிவிட்டாராம். அன்றிலிருந்து எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவர் நம்புவதில்லை. படிகாரம் துவர்க்கும், சோடா வழவழக்கும், உப்பு உப்பாகவே இருக்கும். இந்தப் பழக்கத்துக்குக் கல்லூரியில் ஒரு படிப்பே இருக்கிறது என்று தெரிந்தபோது, அவர் ஜியாலஜியில் சேர்ந்துவிட்டார். பிறகு அதையே பாடமாக நடத்தி ஓய்வும் பெற்றார்.

அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு மனப்பாடமான வாக்கியம் ஒன்று உண்டு. "நிறத்தை நம்பாதே, கீறிப் பார்." கல்லின் நிறம் கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலே மாறிவிடும். எதைக் கீறும், எதனால் கீறப்படும், எப்படி உடையும், தீயில் என்ன செய்யும் என்பதெல்லாம் மாறாது. எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் இதை வகுப்பறையோடு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நாத்தனார் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை விரலில் இருந்த புஷ்பராகம் கண்ணாடி என்று மணமேடையிலேயே சொன்னார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் பத்திரிகையைத் தபாலில் போடுகிறார்கள், அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேருகிற மாதிரி. கணவர் துளசிராம் மட்டும் தனியாகப் போய், "அவளுக்குக் கால்வலி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வருவார். நல்ல மனிதர். கல்லைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

நான்கூட ஒருமுறை கேட்டேன். "ஊரோட ஒத்துப் போனா என்னம்மா? ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?"

"மனுசனைப் பத்தி எம்புட்டுப் பொய் வேணும்னாலும் சொல்லுவேன் சார். கல்லைப் பத்திச் சொல்ல வாய் வராது. அது திரும்பி வந்து பதில் சொல்லாது பாருங்க."

இப்படி எல்லோரும் ஒதுக்கிய ஹம்சவேணிக்கு நாகமலை புதுக்கோட்டையில் போக்கிடமாக இருந்தது எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இருக்கும் சோணைமுத்துவின் டீக்கடை ஒன்றுதான். சோணைமுத்துவுக்கு நாற்பது வயது இருக்கும். தகரக் கூரை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெஞ்சு, இதுதான் அவன் சொத்து. ஹம்சவேணி ஒருமுறை படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு பிரிக்கிறவரை தினமும் சோணைமுத்துதான் மாடிக்கு டீ கொண்டுபோனான். சும்மா கொண்டுபோகவில்லை. தட்டில் டம்ளருக்குப் பக்கத்தில் ரோட்டோரத்தில் பொறுக்கிய ஒரு கல்லையும் வைத்துக் கொடுப்பான். "படுத்தே கெடந்தா பொழுது போகாதுல்ல டீச்சரம்மா. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க," என்பான். வந்ததெல்லாம் ஜல்லிதான். அவரும் தினமும் சலிக்காமல் கீறிப் பார்த்து அதன் பெயரைச் சொல்வார். துளசிராம் இதை என்னிடம் சொன்னபோது எனக்கே மனசு இளகிவிட்டது. பூஜை அறை வட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் மன்னித்தேன்.

இப்போது சாமி கதைக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் ஹம்சவேணியும் துளசிராமும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் சோணைமுத்து கடை திறக்க வந்தபோது மரத்தடியில் ஒரு கல் கிடந்தது. சின்னப் பரங்கிக்காய் அளவு, ரோஸ் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே லேசாக ஒளிவிட்டது. அழகாக இருக்கிறதே என்று எடுத்து மரத்தின் வேரில் சாய்த்து வைத்தான். அன்று சாயங்காலம் மழை கட்டி நின்றது, ஆனால் பெய்யவில்லை. நமக்கெல்லாம் புழுங்கியது. கல்லுக்கும் வேர்த்தது. முத்து முத்தாக வேர்த்து வழிந்தது.

சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கூடையோடு வருகிற அம்மா ஒருவர் அதை முதலில் பார்த்தார். கூடையை இறக்கி, ஒரு கவுளி வெற்றிலையை அப்படியே கல்லின் முன் வைத்துக் கும்பிட்டார். "சாமி எங்கயோ ஓடி ஆடிட்டு வந்து உக்காந்திருக்காரு," என்றார். ராத்திரியெல்லாம் ஊர்க் காவலுக்கு ஓடுகிற சாமி யார்? கருப்பு. மறுநாள் மஞ்சள் பூசியாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, வேர்வைக் கருப்பு என்று பேரும் வைத்தாயிற்று. ரோஸ் நிறத்தில் இருப்பவருக்குக் கருப்பு என்று பெயரா என்று நான் கேட்டேன். சோணைமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பேரை வச்சாண்ணே நெறம் பாக்குறது?" என்றான். அக்கம்பக்கத்து ஆடுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து சாமியை நக்கின. ஆடு தானாக வந்து நிற்கிற கருப்பு என்று அதற்கும் ஒரு புகழ் கிளம்பியது.

ஊர் திரும்பிய ஹம்சவேணி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே மரத்தடிக்குத்தான் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். கல்லைப் பார்த்தார். குனிந்து ஓர் உடைந்த ஓரத்தைப் பார்த்தார். சதுரம் சதுரமாகப் படிக்கட்டு போல உடைந்திருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், எங்கள் பூஜை அறையில் பார்த்த முகம் அது. அவர் விரலால் கல்லைத் தடவி, விரலை நாக்கில் வைத்தார்.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"உப்பு," என்றார் ஹம்சவேணி.

வெற்றிலைக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேர்வை உப்பாத்தான தாயி இருக்கும்."

ஒவ்வொருவராக வரிசையில் வந்து தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் உப்புக் கரித்தது, எல்லோருக்கும் பக்தி ஏறியது. ஹம்சவேணி ஒரு துணுக்கை எடுத்துக் கேஸ் அடுப்பின் நீலத் தீயில் போட்டார். தீ பளீரென்று மஞ்சளாக எரிந்தது. இது உப்பேதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கூட்டம் வேறு மாதிரி பார்த்தது. மஞ்சள் பூசிய சாமிக்கு மஞ்சளாகத்தானே தீ எரியும் என்றார் ஒருவர். ஹம்சவேணி எந்தச் சோதனை செய்தாலும் அதில் அவரும் பாஸ், கருப்பும் பாஸ்.

வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார். "மாடு நக்குறதுக்குத் தொழுவத்துல கட்டுற உப்புக்கட்டி சார் அது. எந்த வண்டியிலருந்தோ விழுந்திருக்கு."

எந்த வண்டி என்பதும் ரெண்டு நாளில் தெரிந்தது. மாட்டுத்தீவனக் கடை ஷாநவாஸ் டீ குடிக்க வந்தார். கல்லைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். என் காதருகே வந்து, "நம்ம ஆட்டோவிலருந்து விழுந்ததுண்ணே. இனிமே அதைக் கேக்குறது அதபு இல்ல. இருக்கட்டும், அல்லா மாலிக்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் சாக்கடை வந்தது. தெருவுக்குக் கால்வாய் தோண்ட அளவெடுத்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். இந்தப் பக்கம் சோணைமுத்துவின் கடை. சுண்ணாம்புக் கோடு கடை நடுவே விழுந்தது. சோணைமுத்து அன்று டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டான். இந்தக் கடையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

என்ஜினீயர் சூர்யபிரகாஷ் கெட்டவர் இல்லை. கோடு இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. முன்பு வேலை பார்த்த ஊரில் சாமிக்கல் என்று சொன்னார்களென்று வாய்க்காலை வளைத்திருக்கிறார். பிறகு மஞ்சளைக் கழுவிப் பார்த்தால் பழைய மைல்கல். ஆபீஸில் இன்னும் அவரை அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.

"சாமிக்கல்லுன்னா நான் கோட்டை அந்தப் பக்கம் தள்ளிடுறேன். ஆனா இது உப்புன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. உப்புக்கட்டிக்காக வாய்க்காலைத் திருப்புனேன்னு தெரிஞ்சா நான் ஊரை விட்டே போகணும். மேடம் இந்தப் படிப்புப் படிச்சவங்க. அடுத்த திங்கக்கெழமை வாரேன். எல்லார் முன்னாலயும் இது கல்லா உப்பான்னு அவங்க சொல்லட்டும்," என்றார்.

எல்லோரும் ஹம்சவேணியைப் பார்த்தார்கள். சோணைமுத்துவின் முகத்தில் நிம்மதி. டீச்சரம்மாவுக்குக் கல்லைப் பற்றித் தெரியாதது இல்லை, கருப்பு கல் என்பதில் அவனுக்குச் சந்தேகமும் இல்லை. அவன் உண்மையாகவே நம்பினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றே ஹம்சவேணி வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஒரே வார்த்தை. கல்லுன்னு சொல்லிட்டுப் போங்க. கால் ஒடிஞ்சு கெடந்தப்ப டீ கொண்டு வந்தவன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க?"

அவர் ஷோகேஸ் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதில் அவருடைய கற்களெல்லாம் பெயர்ச் சீட்டோடு இருக்கும். நடுவில், வெல்வெட் துணியில், தேங்காய் அளவில் ஒரு ரோஸ் குவார்ட்ஸ். படிக்கிற காலத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு குழியில் தானே இறங்கித் தோண்டி எடுத்தது. அதைத் தொட துளசிராமுக்கே அனுமதி கிடையாது.

"முயற்சி பண்ணிப் பாத்தேன் சார்," என்றார். "கண்ணாடி முன்னால நின்னு, அது கல்லுன்னு சொல்லிப் பாத்தேன். வாந்தி வருது."

அழுதார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் சாமி வேறு இளைத்துக்கொண்டே போனார். தினமும் அபிஷேகம். தண்ணீர், பால், இளநீர். ஊற்ற ஊற்ற உப்பு கரையாமல் என்ன செய்யும்? பரங்கிக்காய் அளவில் வந்தவர் இப்போது ஒரு தேங்காய் பருமனுக்கு வந்துகொண்டிருந்தார். நமக்காகத்தான் விரதம் இருக்கிறார் என்று ஊர் கலங்கியது. உடம்பு தேறட்டும் என்று பாலை இரட்டிப்பாக்கினார்கள். சாமி மேலும் இளைத்தார். தேனும் பஞ்சாமிர்தமும் ஊற்றினார்கள். எறும்பு வந்ததே தவிர சதை போடவில்லை.

முதலில் ஹம்சவேணி, "ஊத்தாதீங்க, ஊத்த ஊத்தக் கரையுது," என்று கெஞ்சினார். தங்கள் பாவம் கரைகிறது என்று புரிந்துகொண்டு இன்னொரு குடம் ஊற்றினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அவரே ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். கொஞ்சம் ஊற்றுவார், தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மறுபடி இடது பக்கம் கொஞ்சம் ஊற்றுவார். மனுஷிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு என்ஜினீயர் வாராரு. சாமிக்குச் சந்தனக்காப்பு செய்யலாம்னு இருக்கேன் சார். திரை பிடிக்க ஆள் வேணும்."

அலங்காரத்தின்போது திரை போடுவது வழக்கம். சாமியை அரைகுறையாகப் பார்க்கக் கூடாது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹம்சவேணி தன் கல்யாணப் புடவையைத் திரையாகக் கொண்டுவந்தார். ஒரு முனையை நானும் மறுமுனையைத் துளசிராமும் பிடித்தோம். முறைப்படி ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். எதிரே ஊரே கைகூப்பி நின்றது. ஹம்சவேணி ஒரு கட்டைப் பையோடு திரைக்குள் போனார். ரொம்ப நேரம் ஆயிற்று. எனக்குக் கை வலித்தது. துளசிராமின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, நெற்றியில் கருப்பை விட அதிகமாக வேர்த்தது. திரையை விலக்கியபோது கண், மூக்கு, மீசையெல்லாம் வைத்துச் சந்தனத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார் சாமி. பத்து பேர் குலவை போட்டார்கள்.

திரும்பும்போது பையை நான்தான் தூக்கி வந்தேன். கனத்தது. சந்தனக்கல் என்று சொன்னார்.

திங்கட்கிழமை சூர்யபிரகாஷ் வந்தார். சோணைமுத்து சந்தனத்தைக் கழுவினான். ரோஸ் நிறத்தில் கருப்பு வெளியே வந்தார். ஹம்சவேணி பையிலிருந்து கத்தியை எடுத்தார். கத்தியால் கல்லைக் கீறினார். கத்தி வழுக்கியது, கீறல் விழவில்லை. சோணைமுத்துவின் டீ கிளாஸை வாங்கிக் கல்லின் முனையில் இழுத்தார். கிளாஸில் கோடு விழுந்தது. பாட்டிலைத் திறந்து ஆசிட் விட்டார். சும்மா இருந்தது. குடம் தண்ணீரை அப்படியே தலையில் கொட்டினார். இம்மி கரையவில்லை. கடைசியாக விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"குவார்ட்ஸ்," என்றார். குரல் கணீரென்று இருந்தது. "கடினம் பத்துக்கு ஏழு. தண்ணியில கரையாது, ஆசிட்டுக்கும் கரையாது. ருசி கெடையாது. இது கல்லுதான். எந்த ஆபீஸ்ல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

சூர்யபிரகாஷும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் கோயிலில் கும்பிட்டு அழுதவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. கோட்டை அந்தப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டார். ஊர் மக்களும் வரிசையில் நின்று ருசி பார்த்தார்கள். உப்பு இல்லை. வெற்றிலைக்கார அம்மாதான் அதற்கும் விளக்கம் சொன்னார். "வந்த வேலை முடிஞ்சிருச்சு. இனிமே என்னத்துக்கு வேர்க்கப் போகுது?"

நான் மட்டும் நேரே ஹம்சவேணி வீட்டு மாடி ஏறினேன். ஷோகேஸின் நடுவில் வெல்வெட் துணி மேல் ஒரு பீங்கான் தட்டு, அதில் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி, லேசாக வேர்த்துக்கொண்டிருந்தது. 'பாறை உப்பு' என்று புதிதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். அதன் மேல் இருந்த குங்குமத்தைத் துடைக்கவில்லை.

பின்னாலேயே வந்த ஹம்சவேணி மூச்சு வாங்க நின்றார்.

"பொய் சொல்ல வாய் வரல சார்," என்றார். "அதான் கல்லை மாத்திட்டேன்."

நான் அந்த வெல்வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்நாள் முழுக்க யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த கல். அதைத்தான் இப்போது ஊரே தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தது. என் கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் வழக்கம்போல டீக்குப் போனோம். ஆடுகள் வரவில்லை. சோணைமுத்து சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு வந்து, ஹம்சவேணிக்குத் தட்டில் டீ கொண்டுவந்து வைத்தான். டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு ஜல்லிக் கல் இருந்தது.

ஹம்சவேணி நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"தெனமும் கழுவித் தொடைக்கிறவன் நான்," என்றான் சோணைமுத்து, குரலைத் தாழ்த்தி. "கை அறியாதா டீச்சரம்மா?" பிறகு கல்லைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஆணியை எடுத்தார்.